ஸ்ட்ரெச்சர் ஆணியிலேயே இருக்கட்டும்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதிக்கொள்வது.

இங்கே நாங்கள் இரண்டு பேரும் நன்றாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இரண்டு பேரும் என்று எழுதியதும் பேனா கொஞ்ச நேரம் நின்றுவிட்டது. உனக்கு எழுதிய எல்லாக் கடிதத்திலும் மூன்று பேரும் என்றுதான் எழுதியிருக்கிறேன், பெரியப்பா போனபின் எழுதும் முதல் கடிதம் இது. போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ குறுக்கே நாலு வாக்கியம் பேசிவிடுவாய், பெரியப்பா உன்னை வாயாடி என்று கூப்பிட்டது சும்மாவா. கடிதத்தில் குறுக்கே பேச முடியாது, அதனால் கடைசிவரை படி. அம்மாவின் காலைப் பற்றியும் ஒரு செய்தி இருக்கிறது. பதறாதே, இப்போது சமையலறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தபடி என்னை வேலை வாங்கிக்கொண்டிருக்கிறாள், குரலுக்கு எந்தச் சேதமும் இல்லை. வரிசையாகச் சொன்னால்தான் உனக்குப் புரியும், ஆனால் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரியப்பாவின் ஸ்ட்ரெச்சரைத் தருவதாக முன்னாள் படைவீரர் சங்கத் தலைவரிடம் நீ போனில் வாக்குக் கொடுத்திருக்கிறாய். அதை நான் தரமாட்டேன்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. பொய், இருந்தது, இரண்டு நாள் நம் கார் சீட்டு தைக்கும் கடையில் ஊசியை உடைத்துக்கொண்டே இருந்தேன், இப்போது இல்லை. நீ பாசத்தில்தான் சொன்னாய். புது நினைவு மண்டபத்தில் கண்ணாடிப் பெட்டி, மேலே விளக்கு, கீழே பித்தளைத் தகடு, “ஊரே வந்து பெரியப்பாவைப் பார்க்கட்டும்பா” என்று நீ சொன்னதைத் தலைவர் என்னிடம் அப்படியே ஒப்பித்தார். ஆனால் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நீ சின்ன வயதிலேயே விடுதிக்குப் போய்விட்டாய், பிறகு வேலை, பிறகு கல்யாணம். பெரியப்பாவை நீ விடுமுறைக்கு விடுமுறை பார்த்தவள், நான் அவரோடு ஒரே கூரையின்கீழ் கிழவனானவன். அவர் என்ன செய்தார் என்பதில் பாதி உனக்குத் தெரியாது, அதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

உன் பெரியப்பா, என் அண்ணன், போரிலிருந்து திரும்பி வந்தபோது தெருவே திரண்டு படிக்கட்டில் நின்றது. எத்தனை பேரைச் சுட்டாய் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். “நான் யாரையும் சுடல, அடிபட்டவங்களைத் தூக்கினேன், வழி விடுங்க, குளிக்கணும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். தெருவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இருந்தாலும் பட்டாளத்தார் என்ற பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது. நான் கவனித்தது வேறு. முன்பெல்லாம் அண்ணனும் நானும் தோளில் கை போட்டுக்கொண்டு நடப்போம். திரும்பி வந்தபின், கூட நடக்கும்போது என் காலும் அவர் காலும் ஒன்றாக விழுந்தால் உடனே ஒரு சின்னக் குதி குதித்துக் காலை மாற்றிக்கொள்வார். யாரோடு நடந்தாலும் அப்படித்தான். உன் அம்மா இந்த வீட்டுக்கு வந்த புதிதில், பாவம் உங்க அண்ணனுக்குக் கால் ஊனமா என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டாள். கல்யாணப் பேச்சு எடுத்தால், “கல்யாணம்னா ரெண்டு பேரு கால் ஒத்துப் போகணும்டா, எனக்குத்தான் அது ஆகாதே” என்று சிரித்து மழுப்பிவிடுவார். கடைசிவரை மழுப்பியே காலத்தை ஓட்டிவிட்டார் மனுஷன்.

ஏன் காலை மாற்றுகிறார் என்று நான் ஒருமுறைதான் கேட்டேன், கடையில் உட்கார்ந்து கார் சீட்டின் பழைய உறையைப் பிரித்துக்கொண்டிருந்தபோது. பிரித்த நூலை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னார். ஸ்ட்ரெச்சர் தூக்குகிறவர்களுக்குக் கால் ஒத்துப் போகவே கூடாதாம். முன்னால் போகிறவன் இடது காலை வைத்தால் பின்னால் போகிறவன் வலது காலை வைக்க வேண்டும், அப்போதுதான் ஆள் படுத்திருக்கும் கித்தான் துணி ஆடாது. எல்லோரும் ஒரே காலை வைத்தால் படுத்திருப்பவன் ஒவ்வோர் அடிக்கும் மேலும் கீழும் தூக்கிப் போடப்படுவான். ஒருநாள் பெரிய அதிகாரி ஒருவர் வழியில் நிற்கிறார் என்று கேள்விப்பட்டு, அணிவகுப்புப் போல அழகாக இருக்கட்டுமென்று இவர்கள் நான்கு பேரும் கால் ஒத்து நடந்திருக்கிறார்கள். மேலே படுத்திருந்தவனுக்கு இடுப்பெலும்பு நொறுங்கியிருந்தது. அவன் கத்தவில்லை, அண்ணனுடைய சட்டை முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்திருக்கிறான். இவர் நிற்கவில்லை, அதிகாரி பார்த்துக்கொண்டிருந்தார். முகாமுக்குப் போய் இறக்கிவைத்த பிறகும் அந்தப் பிடி விடவில்லை, சட்டையைக் கத்தரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. “கால் ஒத்துப் போனா தூக்குறவனுக்கு அழகு, படுத்திருக்கிறவனுக்கு நரகம்டா தம்பி” என்றார். அதற்குப் பிறகு அணிவகுப்பில்கூடக் கால் ஒத்து நடக்காமல் தண்டனை வாங்கியிருக்கிறார். போரைப் பற்றி என்னிடம் அவர் சொன்னது இவ்வளவுதான், நானும் மேலே கேட்கவில்லை.

இப்போது ஸ்ட்ரெச்சர் விஷயத்துக்கு வருகிறேன். அவர் போரில் தூக்கியது அதுதான் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய், தலைவரும் அப்படியே நினைத்துத் தகட்டில் எழுத்து வெட்டக் கொடுத்துவிட்டார். அட ராமா என்று தலையில் அடித்துக்கொண்டேன். பட்டாளத்துச் சாமானை வீட்டுக்குக் கொண்டுவர விடுவார்களா? அது போரைப் பார்த்ததே இல்லை. நம் தெரு படிக்கட்டாகவே ஏறி வருகிற தெரு, வண்டி எல்லாம் கீழே பஸ் நிறுத்தத்தோடு நின்றுவிடும், இது உனக்குத் தெரியும். இஸ்திரிக் கடை அக்காவின் வீட்டுக்காரர் நெஞ்சுவலியில் துடித்தபோது நாங்கள் அவரை நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். நல்ல எண்ணத்தில்தான் செய்தோம், நெஞ்சுவலிக்காரரை அப்படி மடக்கி உட்காரவைத்துக் குலுக்கினால் என்ன ஆகும். பஸ் நிறுத்தம் வருவதற்குள் தலை தொங்கிவிட்டது. அண்ணன் அன்று ஊரில் இல்லை. வந்து கேட்டுவிட்டு யாரையும் திட்டவில்லை. மறுநாள் காலை நான் கடையைத் திறக்கும்போது இரண்டு மரக் கழியோடு வாசலில் நின்றார், “லாரிக்குப் போடுற கித்தான் இருக்கா, ரெட்டைத் தையல் போடு, உன் தையல்ல ஒரு உயிர் படுக்கப்போவுதுன்னு நினைச்சுத் தை” என்றார். அன்று வேறு வேலை எதையும் நான் தொடவில்லை. அப்புறம் மூன்று கித்தான் கிழிந்து மூன்று முறை மாற்றிவிட்டேன், கழி மட்டும் அதே கழி.

செய்து நம் வீட்டு வாசல் ஆணியில் மாட்டினால் போதுமா, தூக்கத் தெரிய வேண்டாமா. ஞாயிற்றுக்கிழமை தோறும் எங்களைப் பிடித்து வைத்துக்கொள்வார். இஸ்திரி அக்கா தானாகவே வந்து முதல் ஆளாக நின்றது, ஏன் என்று யாரும் கேட்கவில்லை. என்னைப் படுக்கவைத்து என் நெஞ்சின்மேல் டம்ளர் நிறையத் தண்ணீர் வைப்பார். இறங்கி முடிப்பதற்குள் சிந்தினால் மறுபடி மேலே. முதல் மாதம் முழுக்க நான் சட்டை நனையாமல் வீட்டுக்கு வந்ததே இல்லை, ஜலதோஷம் பிடித்ததுதான் மிச்சம். உன் அம்மா, உங்க அண்ணனுக்குப் பைத்தியம், உங்களுக்கு அதைவிடப் பைத்தியம் என்று வாசலில் நின்று கத்துவாள். அவளே பிறகு ஒரு பிடியைப் பிடித்தாள் என்பது வேறு கதை. எத்தனை பிரசவம், எத்தனை எலும்பு முறிவு, மேல் வீட்டு வாத்தியாருக்கு வலிப்பு வந்தது, எல்லாம் அந்தக் கித்தானில்தான் இறங்கிற்று. உன்னையும்தான். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது குடல்வால் வெடிக்கப் போகிறது என்று கொட்டும் மழையில் உன்னைக் கொண்டுபோனோமே, முகத்தில் மழை விழுந்தது மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது என்று நீ சொல்லுவாய். மற்றது ஏன் ஞாபகம் இல்லை தெரியுமா? பாதிப் படியில் நீ தூங்கிவிட்டாய். அவ்வளவு வலியில் அந்தப் படிக்கட்டில் ஒரு பிள்ளை தூங்கிற்று என்றால் அது பெரியப்பா நடந்த நடை.

கடைசியில் அவரையே தூக்க வேண்டி வந்தது. அது உச்சிவெயில் நேரம், மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. நானும் நம் தெரு எலக்ட்ரீஷியன் தம்பியும் முன்னால், இஸ்திரி அக்காவும் உன் அம்மாவும் பின்னால். எங்களுக்குக் கண்ணெல்லாம் தண்ணீர், அவசரம் வேறு, படிகள் முடிந்து சரிவான பாதையில் வந்ததும் எப்படியோ எல்லோர் காலும் ஒன்றாக விழ ஆரம்பித்திருக்கிறது. எங்களுக்குத் தெரியவே இல்லை. கண்ணை மூடிக் கிடந்தவர் கையை நீட்டிக் கழியை இரண்டு தட்டுத் தட்டினார். “தம்பி, கால் ஒத்துப் போவுது பாரு. மாத்து” என்றார். நான் ஒரு குதி குதித்து மாற்றினேன். அப்புறம் அவர் பேசவில்லை, ஆஸ்பத்திரியில் நினைவு திரும்பவும் இல்லை. என்னிடம் அவர் கடைசியாகப் பேசியது அதுதான். இதை உனக்குப் போனில் சொல்ல என்னால் முடியவில்லை.

அன்று நீ விமானம் கிடைக்காமல் அங்கே தவித்துக்கொண்டிருந்தாய், அதனால் இறுதி ஊர்வலத்தை நீ பார்க்கவில்லை. சங்கத்து ஆட்கள் சீருடையில் வந்தார்கள், மரியாதையாகத்தான் வந்தார்கள், குறை சொல்லக் கூடாது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு, பூட்ஸ் சத்தம் ஒரே சத்தமாகக் கேட்க, கால் ஒத்து இறங்கினார்கள். தெருவே அழகு என்று பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு அந்தப் பெட்டி குலுங்குவது மட்டும்தான் தெரிந்தது. “காலை மாத்துங்கய்யா!” என்று கத்திவிட்டேன். ஊர்வலமே நின்றுவிட்டது. துக்கத்தில் தம்பிக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று தலைவர் என் தோளைத் தட்டி ஓரமாக உட்காரவைத்தார். இறந்தவருக்கு வலிக்குமா என்று நீயும் கேட்பாய். வலிக்காது. எனக்கு வலித்தது.

பதினாறு, பதினேழு நாள் கழித்து ஒரு காலையில் தலைவரே ஸ்ட்ரெச்சரை வாங்கிப்போக வந்தார். நல்ல கனத்த உடம்பு, படியேறி வந்து மூச்சு வாங்கி, அம்மா கொடுத்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். நான் இது போரில் இருந்த ஸ்ட்ரெச்சர் இல்லை, என் கடையில் தைத்தது என்று சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது, ஆனாலும் விடவில்லை. “சாமான் எதுவா இருந்தா என்ன சார், பிடிச்ச கை அவர் கைதானே. அந்தக் கையை நாலு பேர் நினைக்கணும்னுதானே கேக்கிறேன்” என்றார். நியாயமான பேச்சுதான். உன் அம்மாதான் பதில் சொன்னாள். “நாலு பேர் நினைக்கணும்னா நாலு பேரைக் கேளுங்க, இருங்க, இஸ்திரி அக்காவைக் கூட்டிட்டு வர்றேன், அது சொல்லட்டும்” என்று விருட்டென்று எழுந்து போனாள். முந்தின நாள் மழை, படியெல்லாம் ஈரம். அவளுடைய கோபத்துக்குப் படி ஈரமா காய்ந்ததா என்று பார்க்க நேரம் ஏது. ஐயோ என்று ஒரு சத்தம். நான் வெளியே ஓடிப் பார்த்தபோது கால் ஒரு பக்கமும் பாதம் ஒரு பக்கமுமாகக் கிடந்தாள்.

இஸ்திரி அக்கா ஓடி வந்தது, எலக்ட்ரீஷியன் தம்பி ஏணியைப் போட்டது போட்டபடி இறங்கி வந்தான். ஆணியிலிருந்து ஸ்ட்ரெச்சரை எடுத்துப் பிரித்தாயிற்று. நான்கு பிடி, மூன்று பேர். பெரியப்பா போனபின் அந்த நான்காவது பிடி அம்மாவுடையது, அவள்தான் படுத்திருக்கிறாளே. தலைவர் கோட்டைக் கழற்றி நம் வீட்டு வாசற்படியில் போட்டுவிட்டு, பின்பக்கம் வந்து பிடித்தார். அதற்கு நான் அவரைக் காலம் முழுக்கக் கும்பிடுவேன். ஆனால் அம்மா பட்ட பாடு இருக்கிறதே! அவர் கால் என்ன செய்தும் கேட்கவில்லை. காலமெல்லாம் அணிவகுத்த கால் அது, என் கால் எப்போது விழுகிறதோ அப்போது தானாக விழுகிறது, நான் மாற்றினால் அவரும் மாற்றுகிறார். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு முனகுகிறாள், ஒவ்வோர் அடிக்கும் ஒரு முனகல். அவருக்கு வியர்த்துக் கொட்டுகிறது. கடைசியில் அம்மா தலையை நிமிர்த்தி, “சார், என் வீட்டுக்காரரோட ஒத்துப் போகாம நடக்கிறது ஒண்ணும் கஷ்டமில்ல சார், நான் இத்தனை வருஷமா அப்படித்தான் குடும்பம் நடத்துறேன்” என்றாள். அக்கா அழுதுகொண்டிருந்தது, அப்படியே சிரித்துவிட்டது. தலைவரும் ஒரு கணம் நின்றார். நின்று, ஒரு சின்னக் குதி குதித்துக் காலை மாற்றிக்கொண்டார். அச்சு அசல் அண்ணன் குதிப்பதுபோலவே இருந்தது. அதற்குப் பிறகு அம்மா முனகவில்லை. எனக்குத்தான் கீழே போகும்வரை வழி சரியாகத் தெரியவில்லை, கண் நிறைந்துவிட்டது.

கணுக்காலில் எலும்பு முறிவு, மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள், எலும்பு நேராகச் சேரும் என்று டாக்டர் உறுதியாகச் சொல்லிவிட்டார். அன்றே உனக்குச் சொல்லியிருந்தால் டிக்கெட் எடுத்திருப்பாய், இப்போதுதான் அந்த வேலையில் சேர்ந்திருக்கிறாய், அதனால் அம்மாதான் வாயை மூடச் சொன்னாள். திட்டுவதானால் அவளைத் திட்டு. அவளைத் திரும்ப மேலே ஏற்றியதும் அதே ஸ்ட்ரெச்சரில்தான். அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் தலைவரிடம் நான் சொல்லிவிட்டேன். “சார், போர்ல அவர் யாரைத் தூக்கினார்னு நமக்குத் தெரியாது, அவங்க பேரு எந்தத் தகட்டிலயும் இல்ல. இந்தப் படிக்கட்டுல தூக்கினவங்களை எனக்குத் தெரியும், அவங்கள்ல பாதிப் பேர் இன்னைக்கும் இதே தெருவுல நடக்கிறாங்க. நாளைக்கு ஒருத்தருக்கு நெஞ்சு வலிச்சா உங்க மண்டபத்துக்கு வந்து கண்ணாடியை உடைக்கவா” என்று கேட்டேன். சத்தமாகத்தான் கேட்டேன், நர்ஸம்மா வந்து அதட்டினார். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். ஆனால் அவர் பட்டாளத்து ஆள். “உங்க பொண்ணு வாக்குக் கொடுத்திருக்காங்க, மண்டபக் குழுவுக்கு அதைச் சொல்லியாச்சு. வாக்குக் கொடுத்தவங்க வாயால திருப்பி வாங்கினா நான் மறுபேச்சுப் பேசமாட்டேன்” என்றார். அதில் அவர் உடும்புப் பிடி. நானும் உடும்புதான், ஆனால் இது என்னிடம் இல்லை, உன்னிடம் இருக்கிறது.

ஆகையால் இந்தக் கடிதம் கிடைத்ததும் நீயே அவருக்குப் போன் செய். மன்னிப்புக் கேள், கெஞ்சாதே. தெரியாமல் சொல்லிவிட்டேன், அது எங்கள் தெருவுக்கு வேண்டும் என்று மட்டும் சொல். மண்டபத்துக்குப் பெரியப்பாவின் போட்டோவைத் தருகிறேன், துப்பாக்கி இல்லாத போட்டோ, தகட்டில் “அடிபட்டவர்களைத் தூக்கினார்” என்று எழுதினால் போதும், அது உண்மை. அப்புறம், நீ ஆறு மாதமாகச் சொல்லிவரும் லிப்ட் வைத்த அடுக்குமாடி வீட்டுக்கும் நாங்கள் வருவதாக இல்லை. இந்தப் படிக்கட்டில் உங்களுக்கு ஏதாவது ஆனால் யார் தூக்குவார்கள் என்று கேட்டாயே, அம்மா விழுந்த அன்று யார் தூக்கினார்கள் என்று மேலே எழுதியிருக்கிறேன், மறுபடி படித்துக்கொள். நாங்கள் போய்விட்டால் அக்காவை யார் தூக்குவது? லிப்ட் வந்து தூக்குமா?

போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பயிற்சியை மறுபடி ஆரம்பித்துவிட்டேன். மேல் வீட்டு வாத்தியாரும் வருகிறார், அவரைத்தான் படுக்கவைத்துத் தண்ணீர் டம்ளர் வைக்கிறோம், இப்போது சட்டை நனைவது அவர் முறை. யாரும் கூப்பிடாமலே தலைவர் கித்தான் ஷூ போட்டுக்கொண்டு வந்து நின்றார். கண்ணாடிப் பெட்டியைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. இரண்டு டம்ளர் சிந்தினார், மூன்றாவது சிந்தவில்லை. போகும்போது, “உங்க பொண்ணு எப்ப போன் பண்ணுவாங்க” என்று மட்டும் கேட்டார். அவருக்கும் அந்த வாக்கிலிருந்து விடுதலை வேண்டியிருக்கிறது என்று அம்மா சொல்கிறாள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது, ஆனால் அம்மா சொல்வதை உடனே ஒத்துக்கொண்டால் அவள் மதிக்கமாட்டாள்.

மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல், நீயும் கணினி முன்னால் கூனிக் குறுகி உட்காராதே, முதுகுக்கு வைத்துக்கொள்ள நான் தைத்து அனுப்பிய திண்டு அங்கே பெட்டியில் தூங்குகிறது என்று எனக்குத் தெரியும், எடுத்துப் பயன்படுத்து. லீவு கிடைத்து வரும்போது குதிகால் உயர்ந்த செருப்பு எதுவும் கொண்டுவராதே, தட்டையான செருப்பு போதும். அம்மா எழுந்து நடக்கும்வரை, தலைவர் வராத நாளில் பின்பக்கத்து வலது பிடி காலியாகத்தான் இருக்கும், அது பெரியப்பா பிடித்த பிடி. நீ அதைப் பிடிக்க வேண்டும். தலைவருக்குப் போன் செய்வதை மறக்காதே, இன்றே செய். என் தங்கமே, நீ எடுத்த காரியமெல்லாம் கைகூடட்டும், மாப்பிள்ளையும் நீயும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருங்கள். பிடியைத் தூக்கியதும் எந்தக் காலை முதலில் வைப்பது என்று பயப்படாதே, என் காலைப் பார்த்துக்கொள், நான் வைக்காத காலை வை.

என்றும் உன் நினைவாக இருக்கும்,
சீட்டு தைக்கும் அப்பா